பழைய எஃகு மிதிவண்டிக்குப் புதிய பிரேக்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தில் உருவான கனமான எஃகு மிதிவண்டிகளில் பெரும்பாலும் கம்பி பிரேக்கே இருந்தது. கைப்பிடியின் கீழுள்ள நெம்புகோலை இழுத்தால், இரும்புக் கம்பிகள் லாட வடிவிலான ஒரு கவையை மேலே தூக்கும். அதில் பொருத்திய ரப்பர் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில், அச்சை நோக்கிய பரப்பில் அழுந்தும். வளைந்த விளிம்புடைய 'வெஸ்ட்வுட்' ரிம் இதற்காகவே அமைந்தது. சக்கரம் பக்கவாட்டில் சற்றுக் கோணினாலும் இந்த பிரேக் பிடிக்கும்; மேடுபள்ளமான சாலைகளில் அது பெரிய வசதி. 1949இல் சென்னையில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் வண்டிகளிலும் தமிழக மக்கள் கண்டது இதே அமைப்பைத்தான்.

இதன் குறை மழையில் தெரியும். குரோமியம் பூசிய எஃகு ரிம் நனைந்தால் ரப்பரின் பிடி வெகுவாகத் தளர்ந்துவிடும். எனவே முதலில் மாற்ற வேண்டியது பிரேக்கை அல்ல, ரிம்மை. அலுமினியக் கலவை ரிம் ஈரத்திலும் ஓரளவு நன்றாகப் பிடிக்கும். மேலும், ரிம்மின் இருபக்கங்களையும் இடுக்கிப் பிடிக்கும் கேலிப்பர் பிரேக்குக்குத் தட்டையான பக்கச்சுவர் தேவை. வெஸ்ட்வுட் ரிம்மில் அது இல்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பழைய 28 அங்குலச் சக்கரத்தின் ரிம் விட்டம் 635 மி.மீ.; 27 அங்குலத்துக்கு 630 மி.மீ.; இன்று பரவலாக உள்ள 700சி சக்கரத்துக்கு 622 மி.மீ. ஆகவே 700சி சக்கரத்தை மாட்டினால் ரிம்மின் விளிம்பு முறையே 6.5 மி.மீ., 4 மி.மீ. அச்சை நோக்கி இறங்கிவிடும். பிரேக்கின் கை அந்த அளவுக்குக் கூடுதலாக நீள வேண்டும். 1990களில் பந்தய வண்டிகளில் பரவிய இருசுழல் கேலிப்பரின் எட்டும் தூரம் பொதுவாக 39 முதல் 49 மி.மீ. வரையே, மட்கார்டுக்கு இடம்விட்ட பழைய சட்டகங்களுக்கு அது போதாது. 55 முதல் 73 மி.மீ. வரை எட்டும் நீண்ட கை பிரேக்குகளும் கிடைக்கின்றன. கை நீளநீள அது வளைந்துகொடுப்பதும் கூடும் என்பதை மறக்கலாகாது.

அடுத்தது போல்ட்டு. பழைய ஃபோர்க்கில் 6 மி.மீ. போல்ட்டு முழுவதும் ஊடுருவி, பின்னால் சாதாரண நட்டில் முடியும். புதிய பிரேக்கின் குழல் போன்ற நட்டுக்கோ பின்துளை 8 மி.மீ. இருக்க வேண்டும். பின்துளையை மட்டும் பெரிதாக்குவது வழக்கம். ஆனால் துளைத்த எஃகு திரும்ப வராது. அரிய சட்டகமானால் நீண்ட போல்ட்டும் சாதாரண நட்டும் கொண்ட பிரேக்கைத் தேடுவதே நல்லது.

துளையிடவே விரும்பாதவர்களுக்கு டிரம் பிரேக் கொண்ட ஹப் ஒரு வழி. அதற்கு ரிம் விட்டம் ஒரு பொருட்டல்ல. மழையும் உள்ளே புகாது. ஃபோர்க்கின் காலோடு ஒரு தாங்குகையை இறுக்கிக் கட்டினால் போதும். டிஸ்க் பிரேக்கின் கதை வேறு: அதன் விசை ஃபோர்க்கின் ஒரு காலின் அடியில் குவியும். மெல்லிய பழைய குழாய்கள் அந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல.