வரலாற்று விமானங்களின் மீட்டமைப்பும் மறைந்துபோகும் பணிக்காலமும்: இந்திய லிபரேட்டர் விமானங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்து லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களுள் இன்று எஞ்சியிருக்கும் மிகச் சிலவற்றில் கணிசமானவை, 1968 வரை இந்திய விமானப்படையில் பணியாற்றியவை. வெளிநாட்டு அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் அவற்றை மீட்டமைத்தபோது போர்க்காலத்து அடையாளங்களையே அவற்றுக்கு வழங்கினர். விமானங்கள் அழியாமல் எஞ்சக் காரணமான இந்தியப் பணிக்காலம், அவற்றின் புறத்தோற்றத்தில் இடம்பெறாமற்போனதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: லிபரேட்டர், மீட்டமைப்பு, அருங்காட்சியகவியல், இந்திய விமானப்படை, விமான ஆர்வலர்கள்

முன்னுரை

சுவடியைப் பதிப்பிப்பவர் ஒரு பாடத்தைத் தேர்ந்து மேலே வைத்தாலும் ஏனைய பாடங்களை அடிக்குறிப்பில் தந்துவிட முடியும். பழைய விமானத்தை மீட்டமைப்பவருக்கு அவ்வசதி இல்லை. ஒரு காலத்தின் வண்ணத்தையே அதன் உடலில் பூச இயலும்; அதைப் பூசுமுன் பெரும்பாலும் மற்றக் காலங்களின் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட வேண்டியிருக்கும். எதை வைத்துக்கொள்வது, எதைக் களைவது என்பது பட்டறையில் எடுக்கப்படும் முடிவாக இருந்தாலும் அதன் விளைவு வரலாற்றைச் சார்ந்தது.

ஒரு லிபரேட்டரை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பட்டியலில் அதன் எண் 44-44052. 1944இல் பிரித்தானிய விமானப்படைக்கு வழங்கப்பட்டபோது அது கேஎச் 191 ஆயிற்று. பின்னர் இந்திய விமானப்படையில் எச்இ 771. இந்த மூன்று அடையாளங்களுள் மிக நீண்ட காலம் அது தாங்கியிருந்தது மூன்றாவதையே. ஆனால் அமெரிக்காவில் மீட்டமைக்கப்பட்ட பிறகு அதன் மூக்குப்பகுதியில் எழுதப்பட்ட பெயர்கள், இம்மூன்றில் எதனோடும் தொடர்பற்ற வேறு விமானங்களுக்கு உரியவை.

கான்பூரில் கைவிடப்பட்டவை

பி-24 லிபரேட்டர் 18,000க்கும் மேல் தயாரிக்கப்பட்டது. அமெரிக்கப் போர் விமானங்களுள் இத்தனை எண்ணிக்கையில் வேறெதுவும் உருவாக்கப்படவில்லை. நான்கு எஞ்சின்களும் ஏறத்தாழ 33.5 மீட்டர் இறக்கை அகலமும் கொண்ட இவ்விமானம், போர் முடிந்ததும் எவருக்கும் வேண்டாததாயிற்று. அரிசோனாவின் கிங்மன் போன்ற களங்களில் அவை வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டு, உடைக்கப்பட்டு, அலுமினியத்துக்காக உருக்கப்பட்டன.

தென்கிழக்காசியப் போர்முனையில் பிரித்தானிய விமானப்படை பயன்படுத்திய லிபரேட்டர்களின் நிலை சற்று வேறானது. அமெரிக்கக் கடன்-குத்தகைத் திட்டத்தின்கீழ் வந்த அவற்றைப் போருக்குப் பின் திருப்பித்தர வேண்டும். இல்லையேல் பயன்படாதவாறு செய்ய வேண்டும். திருப்பி அனுப்பும் செலவை எவரும் ஏற்கவில்லை. எனவே கான்பூரின் சகேரி தளத்தில் குவிக்கப்பட்ட விமானங்கள் திட்டமிட்டுச் சேதப்படுத்தப்பட்டுக் கைவிடப்பட்டன. எஞ்சின்களில் மணலைக் கொட்டினார்கள், கனரக வாகனங்களால் மோதினார்கள் என்றெல்லாம் ஆர்வலர்கள் சொல்லிவருவதுண்டு. அவ்விவரங்களுள் எவ்வளவு நினைவு, எவ்வளவு கதை எனப் பிரித்தறிவது கடினம். ஆனால் மீண்டும் பறக்கக்கூடாது என்பதே நோக்கம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

1948இல் குண்டுவீச்சு விமானங்கள் தேவைப்பட்ட இந்திய விமானப்படை, பெங்களூரின் ஹிந்துஸ்தான் விமான நிறுவனத்தை நாடியது. 1940இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைகளின் பழுதுபார்ப்பு மையமாக இயங்கியது. தமக்குக் கீழே பணியாற்றிய இந்தியத் தொழிலாளர்களுக்கு அமெரிக்கர் விட்டுச்சென்ற தேர்ச்சியே, அமெரிக்க விமானங்களை உயிர்ப்பிக்கும் கருவியாயிற்று. சகேரியில் ஒன்றின் உதிரியை மற்றொன்றில் பொருத்தி, பறக்கும் அளவுக்கு மட்டும் விமானங்கள் சரிசெய்யப்பட்டன. நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி ஜாம்ஷெட் கைக்கோபாத் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். முழுமையான சீரமைப்பு அங்கேயே நடந்தது. இவ்வாறு 40 விமானங்கள் அளவில் மீட்கப்பட்டன.

1948 நவம்பரில் 5ஆம் படையணி லிபரேட்டர்களுடன் உருவாக்கப்பட்டது. 1957இல் கான்பரா விமானங்கள் வந்தபின் குண்டுவீச்சுப் பணி அவற்றுக்கு மாறியது. 6ஆம் படையணியோ கடற்கண்காணிப்புக்காக லிபரேட்டர்களை 1968 வரை பறக்கவிட்டது. வேறெந்த நாட்டிலும் அவ்வகை விமானங்கள் இத்தனை காலம் படைப்பணியில் நீடிக்கவில்லை.

எஞ்சியவை சென்ற இடங்கள்

அருங்காட்சியகங்கள் லிபரேட்டரைத் தேடத் தொடங்கிய காலமும் இந்தியா அவற்றை ஓய்வுபெறச் செய்த காலமும் ஒன்றாக அமைந்தன. 1968இல் ஒன்று கனடாவுக்குச் சென்றது. அதற்கு ஈடாகக் கனடா தந்த லைசாண்டர் விமானம் தில்லி பாலம் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1969இல் மற்றொன்று அரிசோனாவின் டூசான் நகரிலுள்ள பிமா அருங்காட்சியகத்துக்குப் பறந்தே சென்றது. 1974இல் இந்திய விமானப்படை நன்கொடையாக அளித்த எச்இ 807 பிரித்தானியாவில் தரையிறங்கியது. எச்இ 771ஐப் பிரித்தானியச் சேகரிப்பாளர் டக் ஆர்னால்டு 1980களின் தொடக்கத்தில் வாங்கினார். 1984இல் அது அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையிடம் வந்து, 1989இல் மீண்டும் பறந்தது. ஸ்பிட்ஃபயர், டெம்பெஸ்ட் வகைகளும் 1970களில் இந்தியாவிலிருந்து சேகரிப்பாளர்களால் வாங்கிச் செல்லப்பட்டன என்றாலும், லிபரேட்டரைப் போல் ஒரு வகையின் எஞ்சுதலே இந்தியாவை இந்த அளவுக்குச் சார்ந்திருக்கவில்லை.

வண்ணத்தின் தேர்வு

இவ்விமானங்களுக்குத் தரப்பட்ட அடையாளங்கள் ஒரே தன்மையன அல்ல. பிரித்தானிய விமானப்படை அருங்காட்சியகம் தன் விமானத்துக்குக் கேஎன் 751 என்னும் பழைய எண்ணையும் 99ஆம் படையணியின் வண்ணத்தையும் அளித்தது. 1945இல் கோகோஸ் தீவுகளிலிருந்து அப்படையணியில் பறந்தது இதே விமானம்தான்; ஆகவே அது தன்னுடைய முந்தைய நிலைக்கே திரும்பியது. பிமாவில் உள்ளதோ 'பங்கே பக்கரூ' என்னும் பெயரைத் தாங்குகிறது. அது இங்கிலாந்தின் பங்கே தளத்து அமெரிக்கப் படையினரை நினைவூட்டும் பெயர். பெயரைச் சுமக்கும் விமானம் பிரித்தானிய, இந்தியப் படைகளில் பணியாற்றியது. காலிங்ஸ் விமானம் முதலில் 'ஆல் அமெரிக்கன்' ஆயிற்று. 1998இல் பசிபிக் போர்முனை விமானமொன்றின் பெயரையும், 2005இல் 'விட்ச்கிராஃப்ட்' என்னும் பெயரையும் பெற்றது. முதல் வகையை மீட்டமைப்பு எனலாம். இரண்டாவதற்கு வேடம் என்பதே பொருத்தமான சொல்.

வேடத்துக்கும் நியாயங்கள் உண்டு. காலிங்ஸ் விமானத்தைக் காண வந்தவர்களுள் போரில் லிபரேட்டரில் பறந்த முதியவர்கள் பலர். தாம் பறந்த விமானத்தின் உருவையே அவர்கள் காண விரும்பினர். பறக்கும் விமானத்தைப் பேணும் செலவும் அத்தகையோரின் ஆதரவாலேயே ஈடுசெய்யப்பட்டது. 2019 அக்டோபர் 2 அன்று அதே அறக்கட்டளையின் பி-17 விமானம் கனெடிகட் மாநிலத்தில் விபத்துக்குள்ளாகி 7 பேர் உயிரிழந்தபின், கட்டணப் பயணிகளை ஏற்றும் அனுமதி 2020இல் திரும்பப் பெறப்பட்டது. பறக்கவிட்டுப் பேணுதல் என்னும் முறையின் விலை எத்தகையது என்பதை அந்நிகழ்வு காட்டியது.

இவற்றை ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பிரித்தானிய விமானப்படை அருங்காட்சியகத்திலேயே ஹாலிஃபாக்ஸ் விமானம் ஒன்று உள்ளது. 1942 ஏப்ரலில் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கச் சென்று, நார்வேயின் உறைந்த ஏரியில் இறங்கி மூழ்கியது அது. 1973இல் மேலெடுக்கப்பட்டு, துருவும் சிதைவுமாக அப்படியே காட்சிக்கு வைக்கப்பட்டது. அவ்விமானத்தின் ஏரிக்கால வாழ்வு சான்றாக மதிக்கப்பட்டது. லிபரேட்டரின் இருபதாண்டு இந்திய வாழ்வு பூச்சாகக் கருதிக் களையப்பட்டது. அந்த அருங்காட்சியகம் வெளியிட்டுள்ள தனிவிமான வரலாற்றுக் குறிப்பில் இந்தியப் பணிக்காலம் இடம்பெற்றுள்ளது என்பதையும் சொல்ல வேண்டும். கோப்பில் இருப்பது பார்வையாளரின் கண்ணுக்கு எட்டுவதில்லை.

இதனை மேலைநாட்டாரின் மறதி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. 2018இல் இந்திய விமானப்படைக்கு ராஜீவ் சந்திரசேகர் வழங்கிய டகோட்டா, பிரித்தானியாவில் சீரமைக்கப்பட்ட ஒரு விமானம். அதற்குப் 'பரசுராமா' என்ற பெயருடன் விபி 905 என்னும் எண்ணும் தரப்பட்டது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்குப் படைவீரரை ஏற்றிச்சென்ற டகோட்டாவுடன் தொடர்புடைய எண் அது. அவ்விமானம் வேறு, எண்ணைத் தாங்கும் விமானம் வேறு. தன் நாட்டு நினைவுக்கு ஏற்ற வேடத்தை இந்தியாவும் விரும்பியே இட்டிருக்கிறது.

ஆர்வலர்களின் எண்பட்டியல்கள்

மூன்று நாட்டு எண்களையும் இணைத்து ஒவ்வொரு விமானத்தின் வழித்தடத்தையும் நிறுவியதில், கல்விப்புலத்தைவிட ஆர்வலர்களின் பங்கே பெரிது. தளங்களில் எடுத்த படங்கள், தயாரிப்புத் தகடுகள், படையணிக் குறிப்பேடுகள் ஆகியவற்றை ஒப்பிட்டு அவர்கள் தொகுத்த பட்டியல்கள் இல்லையெனில், எச்இ 771க்கும் 'விட்ச்கிராஃப்ட்'டுக்கும் உள்ள உறவைக் காண்பது அரிது. மரபுச்சின்ன ஆய்வில் இப்பட்டியல்கள் முதன்மைச் சான்றுகளுக்கு இணையாக வைத்து எண்ணத்தக்கவை.

மேற்கூறிய விமானங்களுள் இந்திய வட்டக்குறியோடு நிற்பது பாலத்தில் உள்ள எச்இ 924 மட்டுமே. அதுவும் திறந்தவெளியில் நிற்கிறது. வெயிலிலும் மழையிலும் நிற்கும் உலோகத்துக்கு அவ்வப்போது புதிதாக வண்ணம் பூசியே ஆகவேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் முன் அடிப்படலங்களைப் படமெடுத்து, மாதிரி சேகரித்து, உட்புறத்தில் எஞ்சியுள்ள பெங்களூர்ப் பட்டறைக் குறிகளைப் பதிவுசெய்வது பெருஞ்செலவு பிடிக்கும் பணி அன்று. சகேரியில் எந்த விமானத்தின் எந்த உறுப்பு எதனோடு சேர்ந்தது என்பதை இனிக் கண்டறிய அவ்வகைத் தடயங்களே பெரிதும் உதவக்கூடும்.