கணக்கில் வராத மறதி

லத்தீன் மொழியில் லூபஸ் என்றால் ஓநாய். முகத்தை அரித்துத் தின்னும் புண்களைப் பார்த்த மத்தியகால ஐரோப்பிய வைத்தியர்கள், ஓநாய் கடித்துக் குதறிய மாதிரி இருக்கிறதே என்று அந்தப் பெயரை வைத்தார்கள். தோலில் வரும் காசநோய் உள்பட வேறு சில வியாதிகளும் அந்தப் பெயருக்குள் கலந்துகிடந்தன. எதுவானாலும் தோல் வியாதி. அவ்வளவுதான்.

வியன்னாவில் ஃபெர்டினாண்ட் வான் ஹெப்ரா என்றொரு பெரிய தோல் டாக்டர் இருந்தார். மூக்கின் மேலும் கன்னங்களிலும் படரும் அந்தச் சிவப்பை 1846-ல் பட்டாம்பூச்சிக்கு ஒப்பிட்டவர் அவர்தான். அவருடைய மாப்பிள்ளை மோரிஸ் கபோசி. மாமனார் தோலைப் பார்த்தார். மாப்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்தார். காய்ச்சல், மூட்டு வலி, ரத்தசோகை, கடைசியில் நினைவு தப்பி மரணம். இது தோலோடு நிற்கிற சமாசாரமில்லை என்று 1872-ல் எழுதினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லூபஸ் கதைக்குள் மூளை வந்துவிட்டது. ஆனால் எப்படி வந்தது? சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. வலிப்பு, பிதற்றல், பக்கவாதம், கோமா. அடுத்த நூறு வருஷத்துக்கு டாக்டர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டதெல்லாம் அந்த ரகம்தான்.

சத்தம் போடாத மூளை?

'பேசிட்டிருக்கும்போதே வார்த்தை கிடைக்க மாட்டேங்குது டாக்டர். ஒரு பக்கம் படிச்சு முடிச்சா முதல் பாரா ஞாபகமில்லை. சில்லறை எண்ணினா பாதியில விட்டுப்போயிடுது.' இப்படி ஒரு பெண் சொன்னால் என்ன பதில் வந்திருக்கும்? பெண் என்று சும்மா சொல்லவில்லை. லூபஸ் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் படிக்கிற, வேலை பார்க்கிற, பிள்ளை வளர்க்கிற வயசில் வருகிறது. ரெஸ்ட் எடும்மா, கண்டதையும் யோசிக்காதே. போயிட்டு வா.

டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. லூபஸ் என்பது உடம்பின் காவல் படை சொந்த வீட்டையே தாக்குகிற கூத்து. சிறுநீரகம், இதயம், நுரையீரல் என்று எதை வேண்டுமானாலும் அடிக்கும். 1955-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். வியாதி கண்டுபிடித்து நாலு வருஷம் கழித்து, நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் உயிரோடு இருந்தார்கள். முதலே மூழ்கிக்கொண்டிருக்கும் கடையில் வட்டியைப் பற்றி யார் பேசுவார்கள்?

கார்ட்டிசோன் வந்தது. 1949-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள் அதை மூட்டுவாதத்துக்குக் கொடுத்து உலகத்தையே அசரடித்தார்கள். லூபஸ் நோயாளிகளும் எழுந்து உட்கார்ந்தார்கள். கூடவே ஒரு குழப்பமும் வந்தது. டோஸ் ஏறினால் இந்த மருந்தே தூக்கத்தைக் கெடுக்கும், புத்தியைக் கலக்கும். அப்படியென்றால் தடுமாற்றம் வியாதியால் வருகிறதா, மாத்திரையால் வருகிறதா? அல்லது எல்லாம் மனசுதானா? மூன்றாவது பதில் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

எழுபதுகளுக்குப் பிறகு நிறையப் பேர் வருஷக்கணக்கில் வாழ ஆரம்பித்தார்கள். அப்புறம்தான் வாழ்கிற வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்க முடிந்தது. கனடாவில் ஹாமில்டன் நகரத்து மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டென்பர்க் குழுவினர் கேட்டார்கள். ஆடிட்டர் செய்கிற வேலைதான். சொன்னதை நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. ஞாபகம், கவனம், வேகம் எல்லாவற்றையும் டெஸ்ட் வைத்து அளந்தார்கள். 1986-ல் முடிவு வெளிவந்தது. மூளைக்கோளாறு என்று ஒருநாளும் பதிவாகாத லூபஸ் பெண்களிலும் பலருக்குக் குறை இருந்தது. ஆக, அவர்கள் சொன்னது நிஜம்.

1999-ல் அமெரிக்க மூட்டு மருத்துவர் சங்கம் லூபஸால் நரம்புக்கும் மனசுக்கும் வரும் தொல்லைகளை 19 தலைப்புகளாகப் பட்டியல் போட்டது. யோசிக்கும் திறன் குறைவதற்கு அதில் தனி இடம் கிடைத்தது. சோதிக்க ஒரு மணி நேரத் தேர்வையும் பரிந்துரைத்தார்கள்.

சரி, எப்படி நடக்கிறது? நியூயார்க்கில் பெட்டி டயமண்ட் என்ற விஞ்ஞானியின் குழு 2001-ல் ஒரு துப்பு கொடுத்தது. லூபஸ் நோயாளியின் ரத்தத்தில் டி.என்.ஏ.வைத் தாக்கும் ஆன்டிபாடிகள் உண்டு. அவற்றில் ஒரு பகுதி, மூளை செல்களில் ஞாபகத்துக்கு அவசியமான என்.எம்.டி.ஏ. ஏற்பியிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆள் மாறாட்டம்! எலிகளிடம் சோதித்தார்கள். ஆன்டிபாடி ரத்தத்தில் சுற்றியவரை ஒன்றும் ஆகவில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இயற்கை ஒரு கதவு வைத்திருக்கிறது. பாக்டீரியா நச்சைக் கொடுத்து அந்தக் கதவைத் திறந்ததும், ஞாபகத்தைக் காக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் செல்கள் செத்தன. எலிகளின் ஞாபகம் தடுமாறியது. 2004-ல் வந்த முடிவு இது.

இது மட்டுமே காரணமில்லை. ரத்தம் உறைவது, தூக்கமின்மை, மனச்சோர்வு, ஸ்டீராய்டு எல்லாம் சேர்ந்துகொள்ளும். பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தால், லூபஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தச் சிக்கல் இருக்கிறது. பெரும்பாலும் இது அல்ஸைமர் மாதிரி இறங்கிக்கொண்டே போவதில்லை. ஏறும், இறங்கும், அப்படியே நிற்கும். ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் சிக்கல் இருக்கலாம். இதற்கென்றே தனி மாத்திரை இன்னும் வரவில்லை.

கபோசியிலிருந்து அந்த 19 தலைப்புப் பட்டியல் வரை 127 வருஷம். நோயாளிகள் புதிதாக எதையும் சொல்லவில்லை. கேட்டவர்கள் எழுதிக்கொள்ளத்தான் அவ்வளவு காலம் பிடித்தது.

உங்கள் வீட்டிலோ ஆபீஸிலோ லூபஸ் உள்ள ஒருவர் ஞாபகம் தடுமாறுகிறது என்றால், எனக்கும்தான் சாவி மறந்துபோகிறது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். டாக்டரிடம் சொல்லிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அடுத்தமுறை அவர் வார்த்தைக்காகத் தேடும்போது கொஞ்சம் காத்திருங்கள்.