முத்து யாருக்கு? மூச்சு யாருடையது?

முத்துநகர்! தூத்துக்குடிக்கு நாம் சூட்டி மகிழும் பெயர் அது. கொற்கை முத்தின் ஒளியிலே பாண்டியர் புகழ் குளித்தெழுந்தது என்று பெருமிதத்தோடு பேசுகிறோம். பேசலாம், பெருமை உண்டு. ஆனால், முத்தைப் பாடிய நாம் மூழ்கியவனை எண்ணிப் பார்த்தோமா?

கி.பி. முதல் நூற்றாண்டிலே, பெயர் தெரியாத கிரேக்கர் ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' எனும் கடல்வழி நூல், கொற்கையிலே முத்துக்குளித்தோர் தண்டனை பெற்ற கைதிகள் என்று குறிக்கிறது. மன்னன் மார்பிலே மாலை. அதற்காக மூச்சடக்கியவனோ குற்றவாளி!

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ மற்றொரு காட்சியைக் காட்டுகிறார். வணிகர்கள், கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கை மன்னனுக்குத் தந்தனர். இருபதில் ஒரு பங்கை, பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்குத் தந்தனர். 'அப்ரயமான்' என்று அவர் குறிக்கும் அம்மந்திரக்காரர் பார்ப்பனரே என்பர் ஆய்வாளர். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம்! கரையிலே மந்திரம், கடலிலே மரணம், பங்கோ மந்திரத்துக்கு!

1530-களில் போர்த்துக்கீசியர் துணைநாடிப் பரதவர் கிறித்துவம் தழுவினர். மதம் மாறிற்று, மந்திரம் மாறியதா? 19-ஆம் நூற்றாண்டில், மன்னார்க் கடலின் மறுகரையான இலங்கையிலே, 'கடல்கட்டி' ஆங்கில அரசிடமே ஊதியம் பெற்றான். அவனோ கத்தோலிக்கன்! அவன் இல்லாமல் கடலில் இறங்க மூழ்குவோர் அஞ்சினர். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், தூத்துக்குடியில் அள்ளிய சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு. ஒரு பங்கே மூழ்கியவருக்கு.

மூழ்கியவனின் அச்சத்தை எள்ளி நகையாடாதீர், தோழர்களே! கல்லின் கனத்தால் ஆழத்தில் இறங்கி, இடுக்கிய மூச்சோடு சிப்பி பொறுக்கியவனுக்கு அச்சம் இயல்பு. பாதுகாப்பைத் தராதவர்கள் மந்திரத்தைத் தந்தார்களே, அதுதான் குற்றம்!

வேறு வழி இல்லையா? இதே ஊர்தான் அதையும் காட்டிற்று. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றனர். சில நாட்களிலேயே கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது. எந்த மந்திரத்தால்? ஒன்றுபட்ட உறுதியால்!

1961-இல் நடந்த முத்துக்குளிப்போடு அத்தொழில் ஓய்ந்தது. 1974-இல் புதிய துறைமுகம் எழுந்தது; தென்மாவட்டங்களின் கடல்வாயிலாக ஊர் வளர்ந்தது. ஆயினும், வடக்கே மாப்பிள்ளையூரணிப் பக்கம் சென்று பாருங்கள். வெயிலிலே வெண்குவியல், அதனருகே உப்புநீரிலே நிற்கும் கால்கள். அன்று முத்து, இன்று உப்பு. உழைப்பவனுக்குரிய பங்கு எவ்வளவு என்ற கேள்வி மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே.

அக்கேள்வியைக் கேட்பதே வரலாறு படிப்பதன் பயன்!