ஆம்பியன்ட் இசை

ஆம்பியன்ட் இசை மின்னணு இசையின் ஒரு கிளை. சூழலிசை என்றும் எழுதுவதுண்டு. இதில் தாளக்கட்டும் மெட்டின் ஓட்டமும் பின்னுக்குப் போகும். ஒலியின் நிறமும், அது நிறைந்திருக்கும் இடமும் முன்னுக்கு வரும். சிந்தசைசர், எதிரொலியும் ரிவெர்ப்பும் சேர்க்கும் எஃபெக்ட் கருவிகள், பியானோ, குரல், கிதார் போன்ற நேரடி ஒலிகள் ஆகியவை தனித்தோ சேர்ந்தோ இதை உருவாக்குகின்றன. இயந்திரம் மட்டுமே வாசிக்கும் இசை என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், இதன் தலைசிறந்த பதிவுகள் பலவற்றில் மனிதர் வாசித்ததும் பாடியதுமே மூலப்பொருள்.

முன்னோடியாகப் பெரும்பாலோர் காட்டுவது பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தியை. அறையின் மேசை நாற்காலிகளைப் போலக் கவனத்தைக் கோராமல் கிடக்கும் இசையை அவர் எண்ணிப் பார்த்தார். 1920-ல் பாரிஸ் ஓவியக்கூடம் ஒன்றில் நாடக இடைவேளையில் அதை வாசித்தபோது, பார்வையாளர்கள் அமைதியாக உட்கார்ந்து கேட்கத் தொடங்கிவிட்டனர். பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள் என்று சாத்தி அவர்களிடையே ஓடி ஓடிச் சொன்னதாக உடனிருந்த இசையமைப்பாளர் தாரியுஸ் மியோ எழுதியிருக்கிறார்.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் இங்கே குறிப்பிட வேண்டியது ஒலிநாடா ஒன்றுதான். 1963-ல் பாரிஸில் அமெரிக்கரான டெர்ரி ரைலி, வானொலிப் பொறியாளர் ஒருவரின் உதவியுடன் இரண்டு நாடாப் பதிவுக் கருவிகளை ஒரே நாடாவால் இணைத்தார். முதல் கருவி பதிந்ததை இரண்டாவது சிறிது நேரம் கழித்து ஒலிக்க, அந்த ஒலி மீண்டும் முதலாவதற்குள் போய்ப் பதிவாகும். ஒருவர் வாசித்தது இப்படி அடுக்கடுக்காகப் பெருகும். இதே உத்தியை பாலின் ஒலிவெரோஸும் 1960-களில் கையாண்டார். யார் முதலில் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ராபர்ட் மூக், டான் புக்லா இருவரின் சிந்தசைசர்களும் ஏறத்தாழ இதே ஆண்டுகளில், அமெரிக்காவின் இரு கரைகளில் தனித்தனியே உருவாயின.

இந்தியத் தொடர்பு ஒன்று இங்கே வருகிறது. கிராணா கரானாப் பாடகர் பண்டிட் பிராண் நாத் 1970-ல் அமெரிக்கா சென்றபோது லா மாண்டே யங், மரியன் ஜசீலா, டெர்ரி ரைலி ஆகியோர் அவருக்குச் சீடர்களாயினர். மாறாத ஒரே சுருதியில் மணிக்கணக்காக நிற்கும் இசையில் யங் அதற்கு முன்பே ஈடுபட்டிருந்தார். அதனால் தம்புராவின் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்வது கடினம். பங்கு உண்டு என்பதை அவர்களே மறுத்ததில்லை.

ஜெர்மனியில் பாப்பல் வூ, டேஞ்சரின் ட்ரீம், கிளாஸ் ஷுல்ஸ், கிளஸ்டர் ஆகியோர் 1970-களின் முற்பாதியில் சிந்தசைசரை நீண்ட, விரிந்த இசைக்குக் கொண்டுவந்தனர்.

இந்த வகைக்குப் பெயரும் வடிவமும் கொடுத்தவர் இங்கிலாந்தின் பிரையன் ஈனோ. ராக்ஸி மியூசிக் குழுவில் அவர் கையாண்டது, லண்டனின் இ.எம்.எஸ். நிறுவனம் 1969-ல் வெளியிட்ட வி.சி.எஸ்.3 சிந்தசைசர். மற்ற சிந்தசைசர்களில் கம்பிகள் செய்யும் வேலையை இதில் சிறு ஊசிகள் செய்தன. 16 வரிசை, 16 நிரல், மொத்தம் 256 துளைகள். எந்தத் துளையில் ஊசி செருகப்படுகிறதோ அதற்கேற்ப ஒலியின் பாதை மாறும். சுருதி நிலையாக நிற்காது என்பது இதன் பெயர்போன குறை. கீபோர்டு வாசிப்பவருக்கு அது தொல்லை. தன்னை இசைக்கலைஞர் அல்லாதவர் என்று சொல்லிக்கொண்ட ஈனோவுக்கு அந்த அலைவே பிடித்துப்போனது. 1972-ல் கிதார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் அவர் வீட்டுக்கு வந்தபோது, இரண்டு ரீவாக்ஸ் நாடாக் கருவிகளை ரைலியின் முறையில் இணைத்து, கிதாரை அதற்குள் செலுத்திப் பதிவு செய்தனர். அது அடுத்த ஆண்டு வெளியானது.

1975 ஜனவரியில் ஈனோ லண்டனில் டாக்ஸி மோதிப் படுக்கையில் விழுந்தார். பிறகு நடந்ததற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஈனோ எழுதியது: பார்க்க வந்த தோழி ஜூடி நைலான் 18-ஆம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார், சிரமப்பட்டு அதைச் சுழலவிட்டுப் படுத்த பின்புதான் ஒலி மிகக் குறைவாக இருப்பதும், ஒரு ஸ்பீக்கர் வேலை செய்யாததும் தெரிந்தது, எழுந்து சரிசெய்யத் தெம்பில்லாமல், மழையோசைக்குள் கரைந்த இசையை அப்படியே கேட்டுக் கிடந்தார். ஜூடி நைலான் பின்னாளில் சொன்னது வேறு: இசைத்தட்டைப் போட்டதே தான்தான், ஜன்னலில் பெய்த மழைக்கு ஈடாக ஒலியை வேண்டுமென்றே தணித்து வைத்தோம், அதில் தற்செயல் ஏதுமில்லை. எது சரி என்று இனி தீர்ப்பது கடினம். நூல்களில் அதிகம் திரும்பச் சொல்லப்படுவது முதல் வடிவம்.

அதே ஆண்டு ‘டிஸ்க்ரீட் மியூசிக்’ வந்தது. அதன் உறையின் பின்பக்கத்தில் ஒரு வரைபடம் அச்சாகியிருந்தது. சிந்தசைசரின் நினைவகத்தில் நீளம் வேறுபட்ட இரண்டு எளிய மெட்டுகள். அங்கிருந்து ஒலியின் நிறத்தை மாற்றும் ஈக்வலைசர், பிறகு எதிரொலிக் கருவி, அதன்பின் அந்த இரட்டை நாடா அமைப்பு. இதை ஓடவிட்டு, அவ்வப்போது ஒலியின் நிறத்தை மாற்றியது மட்டுமே ஈனோவின் வேலை. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும், 30 நிமிடங்களுக்கு மேல், அது நிறைத்தது. செய்முறையை இவ்வளவு வெளிப்படையாக உறையிலேயே அச்சிட்ட இசைத்தட்டு அபூர்வம். அந்தப் படத்தைப் பார்த்தே பல இளைஞர்கள் தங்கள் நாடாக் கருவிகளை இணைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ வெளியான ஆண்டை 1978 என்று பல பட்டியல்களும், 1979 மார்ச் என்று சிலவும் தருகின்றன. ஆம்பியன்ட் என்ற பெயர் இசைத்தட்டின் தலைப்பில் ஏறியது இதில்தான். கொலோன்–பான் விமான நிலையத்தில் காத்திருந்தபோது எண்ணம் பிறந்ததாக ஈனோ கூறுகிறார். முதல் பகுதியின் உயிர் ராபர்ட் வயாட் வாசித்த பியானோ. பலர் வாசித்த நீண்ட ஒலிப்பதிவில் கண்டெடுத்த ஒரு சிறு துண்டே நாடா வளையமாகி (லூப்), வேகம் குறைக்கப்பட்டு அதில் ஒலிக்கிறது.

இரண்டாம் பகுதியில் கருவியே இல்லை. கிறிஸ்டா ஃபாஸ்ட், கிறிஸ்டீன் கோமெஸ், இங்கே ஸைனிங்கர் ஆகிய மூன்று பெண்களும் ஈனோவும் ‘ஆ’ என்று ஒற்றை ஸ்வரங்களைப் பாடினர். ஒவ்வொரு ஸ்வரமும் வெவ்வேறு நீளமுள்ள நாடாவில் வளையமாக ஒட்டப்பட்டது. கருவிக்குள் அடங்காத அந்த நாடாக்கள் கொலோன் அருகே கோனி பிளாங்கின் ஒலிப்பதிவுக்கூடத்தில் அலுமினிய நாற்காலிகளின் கால்களைச் சுற்றி ஓடின. 1996-ல் ஒரு சொற்பொழிவில் ஈனோ நினைவிலிருந்து சொன்ன அளவுகளின்படி, ஒரு வளையம் 23½ விநாடிக்கு ஒருமுறையும், அடுத்தது 25⅞ விநாடிக்கும், மூன்றாவது 29 15/16 விநாடிக்கும் திரும்பி வந்தன. விநாடிக்கு 15 அங்குல வேகம் என்று கொண்டால், மிகச் சிறியதே 29 அடிக்கு மேல் நீளும். அந்த அளவுகள் துல்லியம் என்றால், மூன்று வளையங்களும் தொடங்கிய நிலைக்கே மீண்டும் வந்து சேர ஏறக்குறைய 27 நாட்கள் ஆகும். இசைத்தட்டில் இருப்பது அதில் சில நிமிடங்கள். ஸ்வரங்கள் சில இடத்தில் ஒன்றாகக் குவிகின்றன, சில இடத்தில் நெடுநேரம் வெறுமை. அந்த வெறுமை இசையின் ஒரு பகுதியாகவே கேட்கிறது. கடைசிப் பகுதி ஏ.ஆர்.பி. 2600 சிந்தசைசரில் அமைந்தது.

1980-ல் நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்தின் ஒரு முனையத்தில் இந்த இசைத்தட்டு சில காலம் ஒலிபரப்பானது. 1998-ல் பேங் ஆன் எ கேன் குழு இதை முழுக்க நேரடி வாத்தியங்களில் வாசித்துப் பதிவு செய்தது.

ஈனோவின் ஆம்பியன்ட் வரிசையின் அடுத்த இரண்டு இசைத்தட்டுகளும் 1980-ல் வந்தன. ஒன்றில் ஹரால்ட் பட்டின் பியானோ. மற்றதில் லராஜியின் ஸிதர் என்ற தந்தி வாத்தியம். நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் அவர் வாசிப்பதை ஈனோ கேட்டு அழைத்துவந்தார். இரண்டிலும் எஃபெக்ட் கருவிகளும் ஒரு வாத்தியமாகவே நின்றன: வாசித்த ஸ்வரத்தைவிட அதன் வால் நீளமானது. 1982-ன் ‘ஆன் லேண்ட்’டில் ஈனோ சிந்தசைசரிடமிருந்தே விலகத் தொடங்கி, தவளை, காக்கை, கல், சங்கிலி என்று ஒலி தேடினார்.

பிரான்ஸின் எலியான் ரதீக் வழி முற்றிலும் தனி. ஏ.ஆர்.பி. 2500 சிந்தசைசரைக் கீபோர்டு இல்லாமலே வைத்துக்கொண்டு, மிக மெல்ல நகரும் நீண்ட படைப்புகளைப் பல ஆண்டுகள் அமைத்தார். 2000-க்குப் பிறகு மின்னணுவை விட்டு செல்லோ, ஹார்ப் போன்ற வாத்தியங்களுக்கு எழுதினார். அவரை ஆம்பியன்ட் வகையில் சேர்க்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பொறுமையில் அவருக்கு இணை சொல்ல ஆளில்லை.

ஜப்பானில் ஹிரோஷி யோஷிமுரா 1982-ல் எளிய கீபோர்டு இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார். அது டோக்கியோவின் ஹாரா அருங்காட்சியகத்தில் ஒலித்தது. வெளியிட்டவர் சதோஷி அஷிகாவா. அவர் அடுத்த ஆண்டே இறந்தார். மிதோரி தகாதாவின் மரிம்பா இசை 1983-ல் வந்து, பல பத்தாண்டுகள் அதிகம் பேசப்படாமல் இருந்தது.

இந்தியாவில், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல் அமெரிக்கரான டேவிட் டியூடர் மூக் சிந்தசைசருடன் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தை நிறுவினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே 1972 வரை பதிந்த நாடாக்களைப் பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்கஸ் மீட்டெடுத்தார். சில துண்டுகள் பிற்கால ஆம்பியன்டுக்கு மிக நெருக்கமாக ஒலிக்கின்றன. நேரடித் தொடர்பு ஏதும் நிறுவப்படவில்லை.

1990-களில் தி ஆர்ப், ஏஃபெக்ஸ் ட்வின் ஆகியோர் ஆம்பியன்ட் இசையை நடன அரங்கின் அருகே கொண்டுவந்தனர். 2002-ல் வில்லியம் பசின்ஸ்கி, ஓடும்போதே உதிர்ந்துபோன பழைய நாடாக்களின் ஒலியை வெளியிட்டார். 2008-ல் ஈனோவும் பீட்டர் சில்வர்ஸும் லூப் முறையைக் கைப்பேசிச் செயலியாக்கினர். ஜப்பானிய ஆம்பியன்ட் பதிவுகளின் தொகுப்பு ஒன்று 2019-ல் அமெரிக்காவில் வெளியாகி, கிராமி விருதுக்குப் பரிந்துரை பெற்றது. அகமதாபாத் நாடாக்கள் 2023-ல் இசைத்தட்டாக வந்தன.