பழவேற்காட்டு ஓலைப்பெட்டியும் சிக்கனச் சமையலறையும்

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது பழவேற்காடு. கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் போன்ற மீனவ ஊர்கள் சூழ்ந்த இந்த ஊரின் முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பெட்டி, கூடை, தட்டு, விசிறி முடைவதில் பேர் பெற்றவர்கள். வீட்டு வேலை முடிந்த நேரத்தில் திண்ணையிலோ கூடத்திலோ உட்கார்ந்து செய்யும் வேலை இது. பிளாஸ்டிக் டப்பா வந்த பிறகு இந்தக் கைவேலைக்கு மதிப்புக் குறைந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நஷ்டம் வாங்குகிற நமக்கும்தான்.

பனையின் விரியாத குருத்தோலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்துக்கொள்கிறார்கள். வண்ணம் வேண்டுமென்றால் சாயம் கலந்த கொதிநீரில் ஓலையைப் போட்டு எடுப்பார்கள். முடையும்போது லேசாக ஈரப்படுத்தினால் ஓலை ஒடியாது. இப்படி இழை இழையாக முடைவதால் பெட்டிக்குள் காற்று போய்வருகிறது. மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வெங்காயமும் பூண்டும் வேர்த்து அழுகும். ஓலைப்பெட்டியில் அவை பல நாள் தாங்கும். நன்றாகக் காய்ந்த கருவாட்டுக்கும் அது ஏற்றது. அதே பெட்டியைக் காலி செய்து காயவைத்தால் பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்பலாம். பெட்டி திரும்பி வரும், வெறுமனே வராது என்பது நம் வீடுகளில் தெரிந்ததுதான்.

ஓலைக்கூடையின் இன்னொரு பயனைப் பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் காணலாம். அங்கே கைகளால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு தண்ணீரில் நகர்கிறார்கள். இரண்டு கையும் இறால் தேட வேண்டும், பிடித்ததைப் போட இடமும் வேண்டும். எடை குறைந்த ஓலை இல்லாவிட்டால் அது நடக்காது.

பல வேலை செய்யும் பொருளுக்கு இன்னொரு நல்ல உதாரணம் அரிவாள்மனை. மீன் ஆயவும், காய் நறுக்கவும், நுனியில் பல் வைத்ததாக இருந்தால் தேங்காய் துருவவும் அது ஒன்றே போதும். மின்சாரம் வேண்டாம். மழுங்கினால் சாணை பிடித்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேலை முடிந்ததும் உயரத்தில் வைத்துவிட வேண்டும்.

பழைய கைலியையும் சேர்த்துக்கொள்ளலாம். மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு ‘பெலகாட்’ என்று பெயர். பழவேற்காட்டின் பெயர்தான் அங்கே அப்படித் திரிந்து நிற்கிறது. நைந்த கைலியைச் சதுரமாக வெட்டி ஓரம் தைத்தால் கரித்துணி, இடியாப்பத்தட்டுத் துணி, பாத்திரம் துடைக்கும் துணி என நாலைந்து கிடைக்கும். பருத்தியாக மட்டும் இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்தது அடுப்புச் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

ரமளானில்தான் செலவு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் இஃப்தாருக்கு ஆளுக்கு 2 தூக்கியெறியும் கப் என்றால் 30 நாளில் 300 கப். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் அடுக்கி வைத்திருக்கும் வீட்டில் இது தேவையா? பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கப் பிள்ளைகளிடம் தூக்குவாளியைக் கொடுத்தனுப்புங்கள். சூடான கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் வாங்குவது உடம்புக்கும் நல்லதல்ல. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்குத் தடை இருக்கிறது. தூக்குப் பைகளும் கப்களும் அதில் அடங்கும். விருந்துக்குக் காயல்பட்டினம், கீழக்கரை ஊர்களின் சஹன் முறை இருக்கவே இருக்கிறது. ஒரு தாலத்தில் பலர் சேர்ந்து உண்ணும்போது கழுவ வேண்டிய பாத்திரமும் குறைவு, மீந்து போவதும் குறைவு.

ஓலைப்பெட்டி வாங்கும்போது மூடி இறுக்கமாகப் பொருந்துகிறதா, அடிப்பகுதி ஆடாமல் நிற்கிறதா, ஓரம் மடித்துக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சாயமிட்ட பெட்டியில் ஈரமான பொருளை நேரடியாக வைக்க வேண்டாம், சாயம் இறங்கும். சமையலறைக்குச் சாயமில்லாததே மேல். ஒரு பெட்டிக்குப் பின்னால் வெட்டு, காய்ச்சல், கிழிப்பு, முடைதல் என்று இத்தனை வேலை இருப்பதால், முடைந்த சகோதரியிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவதை நான் சிக்கனத்தில் சேர்க்க மாட்டேன்.

பெட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவக் கூடாது. பிழிந்த ஈரத்துணியால் துடைத்து வெயிலில் வைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் தலைகாட்டும் நாளில் பெட்டியைக் காலி செய்து, மூடியைத் திறந்து கவிழ்த்துக் காயப்போடுங்கள், பூச்சியும் அண்டாது.