கையெழுத்து எட்டும் தூரம்

'அதிகாரமளித்தல்' என்பதை நிர்வாகவியல்காரர்கள் வரம்போலப் பேசுகிறார்கள். ஏழாயிரம்பண்ணையில் நின்று பார்த்தால் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. 1884இல் வெள்ளைக்காரன் போட்ட வெடிபொருள் சட்டம். அதன் கீழ் வந்த 2008 விதிகள். 15 கிலோவரை பட்டாசு உரிமம் தருவது மாவட்ட நிர்வாகம். அதற்கு மேல், நாக்பூரைத் தலைமையகமாகக் கொண்ட மத்திய வெடிபொருள் துறை. அதிகாரத்தைப் பங்கு போட்டாயிற்று. சரி, அதை வைத்து ஓர் அதிகாரியால் என்ன செய்ய முடிந்தது?

சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டி, 2012 செப்டம்பர் 5. உரிமத்தை முந்தைய நாளே நிறுத்திவைத்திருந்தார்கள். வேலை நிற்கவில்லை, ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள். அச்சங்குளம், 2021 பிப்ரவரி 12: உரிமம் ஒருவர் பேரில், அறைகளோ உள்குத்தகையில். 20க்கும் மேற்பட்ட உயிர்கள். அதிகாரியின் கோப்பில் உரிமதாரர் பெயர் உண்டு. மருந்து கலந்தவர் பெயர் ஏது? வழக்குப் போட்டது ஏழாயிரம்பண்ணைக் காவல் நிலையம், எல்லாம் எரிந்த பிற்பாடு.