உப்பளக் கரையும் மழைக் கணக்கும்

மரக்காணத்து உப்பளங்களில் வேலை தொடங்குவது தை பிறந்த பிறகுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்கிக் கிடந்த பாத்திகளில் நீர் வடிந்ததும் வரப்புகளைச் சீராக்குவார்கள். சேற்றுத் தரையை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அதன் பிறகே உவர்நீர் பாயும். கடல்நீரின் அடர்த்தி போமே அளவையில் சுமார் 3 பாகை. வெயிலும் காற்றும் நீரைக் குடித்துக் குடித்து, அந்த அளவு 25 பாகையை நெருங்கும்போது உப்பு பூக்கிறது. இதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். நடுவில் ஒரே ஒரு நல்ல மழை போதும்: ஏறிய அடர்த்தி இறங்கிவிடும், வாரக் காத்திருந்த உப்பு கரைந்துவிடும், மிதித்த தரை மறுபடி சேறாகிவிடும்.

நெல் விளைவிப்பவர் மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறார். அவருக்குப் பக்கத்து ஊரில் உப்பு விளைவிப்பவர், மழை வராமல் இருக்குமா என்று பார்க்கிறார். தமிழ்நாட்டின் பெரிய உப்பு வட்டாரங்களில் ஒன்று மரக்காணம். இங்கே மழைக் கணிப்பு கூலியோடு நேரடியாகப் பிணைந்தது. வாடையும் கொண்டலும் கச்சானும் எப்போது திரும்பும் என்ற அறிவு இந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. அந்த அறிவுக்குப் பக்கத்தில் இன்னொரு கணிப்பு முறை, எண்களால் ஆனது, கடந்த இரு நூற்றாண்டுகளில் வளர்ந்தது.

அதன் தமிழகத் தொடக்கம் சென்னை நுங்கம்பாக்கம். 1792இல் அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக் கூடம் எழுந்தது. விண்மீன்களைப் பார்க்கக் கட்டிய அந்த இடத்தில் 1796 முதல் வெப்பமும் காற்றழுத்தமும் குறித்து வைக்கப்பட்டன. இன்றும் சென்னை வானிலை மையம் அதே வளாகத்தில்தான் இயங்குகிறது. ஆனால் நடந்ததைக் குறித்து வைப்பதற்கும் நடக்கப்போவதைச் சொல்வதற்கும் இடையே தொலைவு அதிகம். அந்தத் தொலைவைக் கடக்க அரசை உந்தியது பஞ்சம்.

1876இல் சென்னை மாகாணத்தில் தென்மேற்குப் பருவமும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. 1878 வரை நீடித்த அந்தத் தாது வருடப் பஞ்சத்தில் இந்தியாவில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. பசித்த மக்களுக்குக் கூலி கொடுக்க நிவாரண வேலைகள் தொடங்கின. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் முழுக் கால்வாய்க்கும் நிலைத்தது. ஆந்திரக் கரையிலிருந்து வரும் அந்த உவர்நீர் வழி தெற்கே முடிவது மரக்காணத்தின் அருகே. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் நெடுங்காலம் சென்னைக்குப் போய்வந்தன.

அதே பஞ்சம் வானிலைத் துறையின் போக்கையும் மாற்றியது. 1875இல் தொடங்கிய இந்திய வானிலை ஆய்வுத் துறையிடம், பருவமழையை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று அரசு கேட்டது. துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட் இமயமலைப் பனியில் விடை தேடினார். பனி மிகுந்த ஆண்டில் மழை குறையும் என்று கண்டு, சில ஆண்டுகள் சோதனையாகக் கணித்தார். 1886 ஜூன் 4 அன்று முதல் அதிகாரபூர்வ நீண்டகால முன்னறிவிப்பு வெளியானது.

1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர். உலகெங்குமிருந்து அழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் எண்களைத் திரட்டி, எது எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று தேடினார். கணினி இல்லாத காலம். இந்திய குமாஸ்தாக்கள் கையாலேயே ஆயிரக்கணக்கான கணக்குகளைப் போட்டார்கள். பசிபிக் கடல்மேல் அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல்மேல் அது தாழ்கிறது, பிறகு மாறுகிறது என்ற ஊசலாட்டம் அந்தத் தாள்களிலிருந்து வெளிப்பட்டது. 1924இல் அவர் அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். பசிபிக் கடல்நீர் சூடேறும் எல் நினோவும் அதுவும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்பதை 1969இல் ஜேக்கப் பியர்க்னஸ் விளக்கினார்.

இங்கேதான் மரக்காணத்தின் வழக்கு வேறாகிறது. எல் நினோ ஆண்டில் இந்தியாவின் தென்மேற்குப் பருவம் பெரும்பாலும் தளரும். வடகிழக்குப் பருவமோ பெரும்பாலும் வலுக்கும். நாட்டின் பெரும்பகுதி வறட்சியை அஞ்சும் ஆண்டில் இந்தக் கரை வெள்ளத்தை அஞ்ச வேண்டியிருக்கிறது. 2015 அப்படிப்பட்ட ஆண்டு. தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைக்கிறது. முன்னறிவிப்பு அறிவியலின் கவனமோ நெடுங்காலம் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலேயே குவிந்திருந்தது. உழவும் வரியும் பஞ்சமும் அந்த மாதங்களைச் சுற்றியே கணக்கிடப்பட்டன. அதற்குக் காரணம் உண்டு. ஆனால் சோழமண்டலக் கரைக்கு அது இழப்பு.

வாக்கர் தேடியது எண்களுக்கிடையே உறவு. அடுத்த தலைமுறை காற்றின் இயக்க விதிகளையே கணினியில் தீர்க்க முனைந்தது. 1950இல் எனியாக் கணினியில் முதல் வானிலைக் கணிப்பு நடந்தது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அது விரைவில் பயன்பட்டது. வெப்பமண்டலம் மட்டும் பிடி கொடுக்கவில்லை. இங்கே வானிலையை நடத்துவது மேகம் திரளும்போது வெளிப்படும் வெப்பம். அந்த மேகத்திரளோ சில கிலோமீட்டர் அகலமே உடையது. கணினி வளிமண்டலத்தைப் பிரித்துக் கணக்கிடும் கட்டங்களின் இடைவெளியில் அது நழுவிவிடும். கடல்மேல் அளவீடுகளும் குறைவு.

இந்தச் சிக்கலுக்கு வாழ்நாளைக் கொடுத்தவர் டி.என். கிருஷ்ணமூர்த்தி. 1932இல் சென்னையில் பிறந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1959இல் முனைவர் பட்டம் பெற்றார். 1967 முதல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1979இல் பருவமழையை விமானங்களும் கப்பல்களும் கொண்டு அளந்த மோனெக்ஸ் ஆய்வில் முன்னின்ற அறிவியலாளர்களில் அவரும் ஒருவர். அந்த அளவீடுகளைக் கொண்டு தென்மேற்குப் பருவம் தொடங்கும் விதத்தை ஆராய்ந்தார். பின்னர், செயற்கைக்கோள் காட்டும் மழை அளவைக் கணிப்பின் தொடக்க நிலையிலேயே கணினி மாதிரிக்குள் சேர்க்கும் முறையை உருவாக்கினார். மழை எங்கே பெய்துகொண்டிருக்கிறது என்பதே தெரியாத மாதிரி நாளைய மழையை எப்படிச் சொல்லும் என்பதே அதன் அடிப்படைக் கேள்வி.

அவருடைய பெயர் பரவலாக நிலைத்தது 1999இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரையால். பெங்களூரின் சுலோசனா காட்கில் உள்ளிட்டோர் அதில் உடன் எழுதியவர்கள். அந்தக் கட்டுரை முன்வைத்த முறைக்கு சூப்பர் என்செம்பிள் என்று பெயர். ஊரில் நான்கு பெரியவர்கள் மழை பற்றி நான்கு விதமாகச் சொன்னால், எவர் எந்தப் பருவத்தில் கூட்டிச் சொல்வார், எவர் குறைத்துச் சொல்வார் என்று அறிந்தவர் அதற்கேற்ப அவர்கள் பேச்சை எடைபோடுவார். கிருஷ்ணமூர்த்தி கணினி மாதிரிகளை அப்படி எடைபோட்டார். ஒவ்வொரு மாதிரியின் பழைய பிழைகளையும் இடம் இடமாகக் கணக்கிட்டு, அந்தந்த இடத்துக்குரிய எடையோடு அவற்றைச் சேர்த்தார். தனி மாதிரி எதையும் விட, எல்லாவற்றையும் சமமாகக் கூட்டிய சராசரியையும் விட, அந்தச் சேர்க்கை நன்றாகக் கணித்தது. 1985இல் ராஸ்பி பதக்கமும் 1996இல் உலக வானிலை அமைப்பின் ஐ.எம்.ஓ. பரிசும் பெற்ற அவர் 2018இல் காலமானார்.

பல மாதிரிகளைச் சேர்த்துப் பார்ப்பது இன்று இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அன்றாட வேலை. அதன் பயன் இந்தக் கரையில் தெரிந்தது. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி, புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்தை நெருங்கி நிவர் புயல் கரையைக் கடந்தது. அது எந்தப் பகுதியில் ஏறும் என்பது முன்கூட்டியே சொல்லப்பட்டது. தாழ்வான இடங்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். நான்கு ஆண்டுக்குப் பிறகு வந்த ஃபெஞ்சல் வேறு பாடம் நடத்தியது. அது புயலாக வலுக்குமா என்பதிலேயே கணிப்புகள் மாறின. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய பின் பல மணி நேரம் நகராமல் நின்றது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. பாதையை ஓரளவு பிடித்துவிட்ட அறிவியலுக்கு, புயல் எவ்வளவு நேரம் நிற்கும், எவ்வளவு பொழியும் என்பது இன்னும் கடினமாகவே இருக்கிறது.

பருவம் முழுவதுக்குமான கணிப்பும் இந்தக் கரைக்குப் போதவில்லை. 2016இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அதே பருவத்தில்தான் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மூன்று மாத மொத்தத்தை மட்டும் சொல்லும் எண், நடுவே வரும் ஒற்றை நாளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

மழை மாதங்களில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. அது தேவையான உதவி. ஆனால் அந்தத் தொகை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான, எல்லோரும் எதிர்பார்க்கும் மழைக்கானது. மாசியிலோ சித்திரையிலோ எதிர்பாராமல் வரும் மழைதான் வரப்பு கட்டிய உழைப்பையும் ஏறிய அடர்த்தியையும் சேர்த்து அழிக்கிறது. அதற்கு வேண்டியது இரண்டு மூன்று வாரம் முன்னோக்கிய கணிப்பு. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு வியாழனும் நான்கு வாரங்களுக்கான கணிப்பை வெளியிடுகிறது. உவர்நீர் முற்றும் காலமும் ஏறக்குறைய அதே அளவுதான். பாத்திக்கு நீர் பாய்ச்சுவதா, இருக்கும் உப்பை வாரி அம்பாரமாக்கி மூடுவதா என்று முடிவெடுக்கும் கையை அந்த வியாழக்கிழமைத் தாள் எட்ட வேண்டும். மாதிரிகளின் பிழையை இடம் இடமாக எடைபோட்ட கிருஷ்ணமூர்த்தியின் முறை மரக்காணத்துக்கு முழுமையாகப் பயன்பட, உப்பளங்களுக்குள்ளேயே மழைமானிகள் வைத்து ஆண்டு முழுவதும் பதிவு செய்வது முதல் வேலை.